ஒன்பதாம் கிலோமீட்டர் பூ

அன்னம்மாள் அன்றைக்குப் பதினேழு தடவை நின்றாள். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். கேம்பல் பே போய்ச் சேர்ந்ததும் நாலு பேர் முன்னால் அதைச் சொல்லிக் கேலி செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் எண்ணினேன். அப்படிப்பட்ட ஆள் நான். இனிமேல் மூடி மறைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது.

குடியாத்தம் பக்கத்துக்காரன் நான், பெயர் ஜம்புலிங்கம். பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தேன். பெரிய நிக்கோபாரில் முன்னாள் ராணுவத்தாருக்கு நிலம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். எழுபத்தொன்றில் கப்பலேற்றி அனுப்பினார்கள், என்னையும் என் பெண்சாதி அன்னம்மாளையும். பிள்ளை இல்லை. அவளுக்குச் சின்ன வயசில் முட்டியெல்லாம் வீங்கி ஒரு ஜுரம் வந்ததாம். அது நெஞ்சைப் பாதித்திருக்கிறது, பிள்ளை பெறுவது ஆபத்து என்று கல்யாணமான இரண்டாம் வருஷமே வேலூரில் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளை கூடாது என்றதை ஞாபகம் வைத்துக்கொண்டேன். நெஞ்சு என்றதை மறந்துவிட்டேன்.

கேம்பல் பே துறையிலிருந்து கடலோரமாகக் காட்டை வெட்டி ஒரு ரோடு போட்டிருந்தார்கள். அந்த ரோட்டில் எத்தனையாவது கிலோமீட்டர் கல்லோ அதுதான் எங்களுக்கு ஊர்ப்பெயர். நாங்கள் பதினாறு. சர்க்கார் காகிதத்தில் வேறு நல்ல பெயர் இருந்தது, அதை வாயால் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை. முதல் வருஷம் ரோட்டோரத்துக் காட்டைத் திருத்தும் வேலையையும் எங்களுக்கே கொடுத்தார்கள். கோடாலிக்கு அடங்காத பெரிய மரமாக இருந்தால் அடியில் சுற்றிலும் வளையமாகப் பட்டையை உரித்துவிட்டுப் போய்விடுவோம். நின்ற இடத்திலேயே அது செத்துப்போகும். மத்தியானச் சோற்றைத் தூக்குவாளியில் வைத்துக்கொண்டு அன்னம்மாள் நாங்கள் இருக்கும் கல்லுக்கே வருவாள். ஒன்பதாம் கல் வரைக்கும்கூட வந்திருக்கிறாள். அப்படி நடந்தவளுக்கு இப்போது என்ன கேடு என்று எனக்கு ஒரு எண்ணம்.

எழுபத்துநாலு மாசியில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுத்தால் முட்டுகிறது என்று அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். வாயு என்று இஞ்சிக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். நாலு நாள் நன்றாக இருப்பாள், மறுபடியும் வரும். பங்குனி பிறந்து கம்பவுண்டர் எங்கள் பக்கம் சுற்றிவந்தபோது குழாயை வைத்துப் பார்த்தார், வைத்த குழாயை எடுக்கவே இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஹார்ட்டுங்க. போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வியாழக்கிழமை கப்பல் இருக்கு, அதை விட்டுடாதீங்க. அதுக்கு அடுத்தது ஒரு மாசம் ஆகும், அதுவரைக்கும் தாங்குமான்னு நான் சொல்லமாட்டேன். நடக்க விடாதீங்க, வண்டி கிண்டி பாருங்க."

வண்டிக்கு எங்கே போவது? மார்கழி மழையில் இரண்டாம் கல்லுக்கிட்டே பாலம் இடிந்து, லாரி எல்லாம் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டிருந்தது. பதினாறு கிலோமீட்டரைக் காலால்தான் கடந்தாக வேண்டும். வியாழன் காலையில் கப்பல். புதன் விடியலில் கிளம்பினால் மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேரலாம், டிக்கெட்டை நாலு மணிக்குள் எழுதிவிடலாம், இரவு தங்கிக் காலையில் ஏறலாம். இதுதான் நான் போட்ட கணக்கு.

புதன்கிழமை விடியலில் கதவைத் திறந்தால் வாசலில் கட்டில் கிடக்கிறது. பக்கத்து நிலத்துக் குர்தியால் சிங் நிற்கிறான். அவனும் பட்டாளத்து ஆள்தான், என்னைவிட ஆறு வயசு சின்னவன், என்னை ஜம்பு என்பான், அவளைப் பாபி, அதாவது அண்ணி, என்பான். அவன் வீட்டுக் கயிற்றுக் கட்டிலை இரண்டு மூங்கிலில் வைத்துக் கட்டி, மேலே ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையை மடித்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான். கூட மூன்று சர்தார்கள்.

"பாபியை இதில் படுக்க வை. நாலு பேர் இருக்கிறோம், தோள் மாற்றித் தூக்கினால் பத்து மணிக்குக் கேம்பல் பே" என்று ஹிந்தியில் சொன்னான்.

எனக்கு வந்தது பார் ஒரு கோபம். நாலு பேர் சேர்ந்து தோளில் கட்டிலைத் தூக்கினால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தாரையும் தப்பட்டையும்தான் பாக்கி. "பொழுது விடியற நேரத்துல வாசல்ல கொண்டாந்து எத்த போட்டுருக்கான் பாரு" என்று தமிழில் கத்தினேன். அது அவனுக்குப் புரியவில்லை என்று ஹிந்தியிலும் கத்தினேன். எங்களில் பிணத்தைத்தான் இப்படிக் கொண்டுபோவார்கள், மரியாதையாக எடுத்துக்கொண்டு போய்விடு என்றேன்.

"எங்கள் ஊரில் பிள்ளைத்தாய்ச்சியைக்கூட இப்படித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்" என்றான் குர்தியால். கோபப்படவில்லை அவன். எனக்காக இல்லாவிட்டாலும் பாபிக்காகக் கேள் என்றான்.

நான் திரும்பி அன்னம்மாளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரஜாய் மேலே ஒரு தலையணைகூட வைத்திருந்தான் பாவி. பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் நடந்தே வரேங்க" என்றாள். பார், என் பெண்சாதிக்கும் அந்த ரோஷம் இருக்கிறது என்று எனக்குப் பெருமை. என் முகத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கிளம்பும்போது அவளிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னேன். பட்டாளத்தில் மார்ச் போனால் ஐம்பது நிமிஷம் நடை, பத்து நிமிஷம் ஓய்வு. அதே கணக்குத்தான் இன்றைக்கும். ஓய்வுக்கு நடுவில் நிற்கிற பேச்சே கிடையாது. நடுவில் நில்லுங்கள் என்று கேட்கிறவனைப் பட்டாளத்தில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவோம் என்பதையும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். பையை நான் வாங்கிக்கொண்டேன், வாட்சைப் பார்த்தேன், ஐந்து மணி. நடந்தோம்.

இங்கே எட்டு மாசம் மழை. தை பாதியில் விடும். பங்குனியில்தான் இந்தத் தீவு நல்ல முகம் காட்டும். சேறு காயும், கடல் சத்தம் குறையும், நம் ஊரில் பெயர் தெரிந்த பூவும் தெரியாத பூவுமாக ரோட்டின் இரண்டு பக்கமும் பூக்கும். எனக்கு அதற்கெல்லாம் கண் கிடையாது. ரோட்டையும் வாட்சையும் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம்.

பதினைந்தாம் கல் வருவதற்கு முன்னாலேயே அன்னம்மாள் நின்றுவிட்டாள்.

"இங்க பாருங்க, கல்யாண முருங்கை. ஒரு இலை இல்ல, மரம் பூரா செவப்பு. நம்ம கல்யாணத்துல இந்தக் கொம்பைத்தான நட்டாங்க, நெனப்பு கீதா?"

"கீது, கீது. நட. இன்னும் இருபது நிமிஷம்கூட ஆவலை."

"இருங்க. எத்தினி கிளி வந்து குந்திக்கினு கீது பாருங்க."

நான் பார்க்கவில்லை. நாலடி தள்ளி நின்று வாட்சைப் பார்த்தேன். அவள் ஒரு கையை இடுப்பில் வைத்து அண்ணாந்து நின்றாள். ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ கழித்து, "போலாம்" என்றாள். ஒன்று, என்று மனசுக்குள் எண்ணினேன்.

அப்புறம் புன்னை. கடல் ஓரத்தில் மணல் மேலே வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து கிடந்தது. குனிந்து ஒன்றை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள், அதற்கு இரண்டு நிமிஷம். அப்புறம் ஒரு அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு தொங்கிய ஊதாப் பூ. "வேரு மண்ணுலயே இல்லங்க, காத்துலயே நிக்குது, இத்தப் பாருங்களேன்" என்றாள். அப்புறம் பதினாலாம் கல்லில் யாரோ வைத்த முந்திரி பூத்து, அந்த வாசனை. வாசனைக்குக்கூட நிற்பார்களா? மூக்கு நடந்துகொண்டே வேலை செய்யாதா? அதையும் கேட்டேன்.

"பூ பாக்கக் கெளம்பினியா, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினியா?"

"ரெண்டுக்குந்தான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "மூணு வருசமா இந்த ரோட்டுல சோத்து வாளியத் தூக்கினு ஓடினேன். ஒரு நாளாவது நின்னு பாத்தனா? இன்னிக்குத்தான் வேலை வெட்டி இல்லாம வரேன். பாத்துக்கறேன் உடுங்க."

இதைக் கேட்டு எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. ஐம்பது நிமிஷத்தில் நாலு கிலோமீட்டர் போகவேண்டிய இடத்தில் இரண்டு போயிருக்கிறோமே என்றுதான் எரிச்சல். இத்தனைக்கும் அவசரம் என்று ஒன்றும் இல்லை. டிக்கெட் நாலு மணிக்கு, கப்பல் மறுநாள். நின்று நின்று போயிருந்தாலும் போயிருக்கலாம். நான் ஏன் அப்படி விரட்டினேன் என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. கால் பழகியது அப்படி, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அந்தப் பதினாலாம் கல்லிலேயே பத்து நிமிஷ ஓய்வு விட்டேன். அவள் கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். நான் பீடி பிடித்தேன். பத்தாவது நிமிஷம் எழுந்தேன். அவளும் எழுந்தாள்.

பன்னிரண்டில் தாழம்பூ. பதினொன்றில் மஞ்சளாகப் பூவரசு, அதோடு ஒரு கதை. அவர்கள் வீட்டுக் கேணிக்குப் பக்கத்தில் பூவரசு இருந்ததாம், அந்த இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவார்களாம். கதையைப் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னாள். ஆளைப் பார் கதை சொல்ல, என்று நினைத்தேன். பத்தில் அவளே பெயர் தெரியாமல் நின்ற ஏதோ ஒரு கொடிப் பூ. எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

ஒன்பதாம் கல்லுக்கு ஒரு ஏற்றம் உண்டு. பெரிய ஏற்றம் இல்லை, லாரி இரண்டாவது கியரில் ஏறும். பாதி ஏறியதும் பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. திரும்பினேன். ரோட்டோரத்து மரத்தில் ஒரு கையை ஊன்றி நின்றிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. இன்னொரு கையைத் தூக்கி மேலே காட்டினாள். பேச்சு உடனே வரவில்லை.

"உச்சியில பாருங்க" என்றாள். "ஒத்தைப் பூ. செவப்பா."

"பாத்தேன். வா."

"பாக்கலியே நீங்க."

"பாத்தேன்னு சொல்றேன் இல்ல? செவப்பா ஒரு பூ, ஆச்சா? இனிமே ஒரு மரம், ஒரு செடி, ஒரு பூ பேரை நீ எடுத்தே, நான் பாட்டுக்கு முன்னால போயிடுவேன். பட்டாளமே போயி சேந்திருக்கும் இத்தினி நேரத்துக்கு. இன்னாமே நெனச்சுக்கினு கீற?"

அவள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. கையை மரத்திலிருந்து எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அதற்கப்புறம் பூ பேரை அவள் எடுக்கவே இல்லை. செருப்பு வார் கழன்றுவிட்டது என்று ஒரு தடவை. கொண்டை அவிழ்ந்துவிட்டது என்று ஒரு தடவை. காலில் முள் என்று ஒரு தடவை, முள்ளைக் காட்டு என்றால் காணோம். ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று ஒரு தடவை புதர் பக்கம் போனாள், போனவள் வர வெகுநேரம் ஆனது. கடைசி இரண்டு கிலோமீட்டரில் காரணமும் சொல்லவில்லை. சும்மா நின்றாள், சும்மா நடந்தாள். பாலம் இடிந்த ஓடையில் இறங்கும்போது கையைக் கொடுத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. தண்ணீரில் நின்றதால் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டரை மணிக்குக் கேம்பல் பே. துறைக்குப் போகிற வழியில் சிராஜ் என்று கீழக்கரைப் பையன் ஒருவன் டீக்கடை வைத்திருந்தான். எல்லோரையும் அண்ணே, அக்கா என்பான். பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்துவிட்டேன். "சிராஜு, இந்த மகராணியப் பாரு. பதினாறு கிலோமீட்டருக்குப் பதினேழு தடவை நின்னாங்க. வழியில ஒரு பூவை விடல." கடையில் இருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிராஜ் சிரிக்கவில்லை. டம்ளரை அவள் கையில் கொடுக்க வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணே, அக்காவுக்கு உதடு நீலம் பாரிச்சுக் கிடக்கே. நகத்தையும் பாருங்க."

அப்போதுதான் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விடியலிலிருந்து அதுவரைக்கும் நேருக்கு நேர் ஒரு தடவைகூட பார்க்கவில்லை. முன்னால் நடக்கிறவன் எப்படிப் பார்ப்பான்? சிராஜ் பெஞ்சிலேயே அவளைச் சாய்த்துப் படுக்கவைத்தான், அவள் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். கம்பவுண்டரைக் கூட்டிவர ஆள் அனுப்பினான். டிக்கெட் எழுத நான் ஓடினேன்.

மறுநாள் கப்பல். வழியெல்லாம் தீவு தீவாக நின்று மூன்றாம் நாள் போர்ட் பிளேர் ஹேடோ துறையில் இறங்கி, நேரே ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் நல்ல மனுஷர். எல்லாம் பார்த்துவிட்டு, இதயத்துக்குள்ளே ஒரு கதவு சுருங்கிப்போய்விட்டது, ரத்தம் திரும்பி நுரையீரலில் தேங்குகிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். எப்படிக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார். நடந்து வந்தோம் என்றேன்.

"எவ்வளவு தூரம்?"

"பதினாறு கிலோமீட்டர் சார்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்த நிலையில பத்து நிமிஷம் நடந்தா நின்னு மூச்சு வாங்காம அடுத்த அடி வைக்க முடியாதே. நின்னாங்களா?"

"நின்னாங்க சார். பதினேழு தடவை. பூ பாத்தாங்க."

சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வந்து வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நில்லுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கப் பயந்துகொண்டு ஒரு பொம்பளை வழி நெடுக மரத்தையும் செடியையும் காட்டியிருக்கிறாள். கட்டின புருஷனிடம் மூச்சு விட்டுக்கொள்வதற்கு அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்திருக்கிறது. அந்தச் சாக்கையும் நான் பிடுங்கிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் கொஞ்சம் தேறினாள். ஊசி போட்டுப் போட்டு உடம்பிலிருந்த நீர் வடிந்திருந்தது. சாயங்காலம் கஞ்சியை நான்தான் ஊட்டினேன். அதற்கு முன் அவளுக்கு நான் ஊட்டியதில்லை, அவளும் வேடிக்கையாகத்தான் வாங்கிக்கொண்டாள். திடீரென்று கேட்டாள்.

"ஏங்க, அந்த ஒம்பதாங் கல்லுப் பூவை நெசமாவே பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு அன்றைக்குக் கொடுக்காததை இன்றைக்காவது கொடுக்க வேண்டும் போல இருந்தது.

"பாத்தேன் அன்னம். சொக்கச் செவப்பு."

"எந்த மரத்துல?"

"அதாம்மே, நீ கையை ஊனிக்கினு நின்னியே, அந்தப் பெரிய மரம். நல்லா தழைஞ்சு நிக்குமே, அதுல. உச்சியில."

"தழைஞ்சா நின்னுது?"

"ஆமா. பச்சப் பசேல்னு."

அவள் சிரித்தாள். முதலில் மெதுவாக, அப்புறம் உடம்பு குலுங்க. இருமல் வந்துவிட்டது. நர்ஸ் ஓடிவந்து என்னைத் திட்டினாள். இருமல் நின்ற பிறகும் அவள் கண்ணில் அந்தச் சிரிப்பு இருந்தது. என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "சரி, பாத்தீங்க இல்ல, அது போதும்" என்றாள். சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று நானும் சிரித்தேன். நாம் சொன்னது பலித்துவிட்டது என்று எனக்கு ஒரு நிம்மதிகூட.

பன்னிரண்டாம் நாள் காலையில் நான் காப்பி வாங்கப் போயிருந்தபோது போய்விட்டாள். திரும்பி வந்தால் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். காப்பி என் கையில் ஆறியது. டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் எங்கள் ஊர்க்காரர் திருநாவுக்கரசு என்று ஒருவர் இருந்தார், அவர் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார். நாலு பேர் தூக்கினார்கள். அதில் ஒருவன் நான்.

கப்பலுக்குக் காத்திருந்து சித்திரைக் கடைசியில் கேம்பல் பே திரும்பினேன். பதினாறுக்கு நான் சேதி எதுவும் அனுப்பவில்லை. எப்படி அனுப்புவது, என்னவென்று எழுதுவது என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று துறையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

சிராஜ் கடைக்கு எதிரே அந்தக் கட்டில் கிடந்தது. அதே மூங்கில், அதே ரஜாய், தலையணைக்குப் புது உறை. குர்தியாலும் அந்த மூன்று பேரும் பக்கத்தில் நின்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவளை மறுபடியும் நடக்கவைத்துவிடுவேன் என்று பயந்து, கப்பல் நாளை விசாரித்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இந்தத் தடவை நான் கத்தினாலும் கேட்கப்போவதில்லை என்று அவர்களுக்குள் பேசி முடிவு செய்திருந்ததாகக் குர்தியால் பிறகு சொன்னான்.

எனக்குப் பின்னால் இறங்குகிற ஆட்களையெல்லாம் குர்தியால் ஒவ்வொருவராகப் பார்த்தான். கடைசி ஆள் இறங்கிய பிறகு என்னைப் பார்த்தான். "பாபி?" என்றான். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவன் தலைப்பாகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வெகுநேரம் கழித்து நடந்தோம். காலிக் கட்டிலை நாலு பேரும் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள், இந்தத் தடவை நான் பின்னால். அவள் நின்ற இடம் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும், எண்ணியவன் ஆயிற்றே. அந்தந்த இடத்தில் நானும் நின்றேன். அவள் ஒதுங்கிய புதருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு கட்டை விழுந்து கிடந்தது. அதில்தான் உட்கார்ந்திருப்பாள். நான் நிற்கிறபோதெல்லாம் முன்னால் போகிறவர்களும் நின்றார்கள். ஒருவனும் வாட்சைப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் கல் ஏற்றத்தில் வந்து நின்றேன். அவள் கையை ஊன்றிய மரம் இருந்தது. மேலே பார்த்தேன்.

செத்த மரம். ஒரு இலை கிடையாது, ஒரு கொம்பில் பட்டை கிடையாது, எலும்பு மாதிரி வெளுத்து நிற்கிறது. குனிந்து அடியைப் பார்த்தேன். சுற்றிலும் வளையமாகக் கோடாலி போட்ட தழும்பு. என் கோடாலி. முதல் வருஷம் இந்த ஏற்றத்தில் நான் உரித்துவிட்ட மரம் அது. பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் கொண்டுவந்த சோற்றைத் தின்றேன். செத்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் கை காட்டிய அன்றைக்கும் அது இப்படியேதான் நின்றிருக்கும். பூ ஏது அதில்.

அவளுக்கு அது தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். நான் தலையைத் தூக்கிப் பார்க்கிறேனா என்றுதான் பார்த்திருக்கிறாள். ஒரு தடவை நிமிர்ந்திருந்தால், "ஏம்மே, செத்த மரத்துல ஏது பூ, உனக்கு இன்னா ஆச்சு" என்று கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள், மூச்சு முட்டுகிறது, கொஞ்சம் நில்லுங்கள் என்று. நான் பாத்தேன் என்றேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மறுபடியும் கேட்டாள், தழைஞ்சு நிக்குது, பச்சப் பசேல்னு, என்றேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. கடைசி வரைக்கும் இந்த ஆள் பார்க்கவே இல்லை என்று தெரிந்துகொண்டு, அது போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் ஊன்றிய இடத்திலேயே கையை ஊன்றி, அண்ணாந்தபடி நின்றுவிட்டேன். குர்தியால் ஓடிவந்து பிடித்தான். கட்டிலை இறக்கி அதில் உட்கார் என்றான். உட்கார்ந்தேன். ரஜாய் மெத்தென்று இருந்தது.

"என்ன ஜம்பு, மேலே என்ன பார்க்கிறாய்?" என்றான்.

"பூ" என்றேன். "உச்சியில் ஒரு சிவப்புப் பூ. உன் பாபி காட்டினாள்."

அவன் அந்தச் செத்த மரத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். பிறகு வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒவ்வொரு கொம்பாகத் தேட ஆரம்பித்தான்.